தாம்பரம் மார்க்கத்துக் கலாசாலைகள்

கிண்டியிலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர், பொத்தேரி என்று தெற்கே செல்லும் இருப்புப்பாதையின் இரு மருங்கிலும் சென்ற நூறாண்டுகளில் எழுந்த கலாசாலைகளின் சரித்திரத்தை நோக்கினால், குறைந்த சம்பளத்தில் படிக்கக்கூடிய சர்க்கார் கல்லூரியா, கீர்த்தி பெற்ற தனியார் கல்லூரியா என்று பரீட்சை முடிவு வெளிவரும் நாட்களில் நம் வீடுகளில் நடக்கும் விவாதம் எவ்வளவு பழமையானது என்பதும், அந்த இரு தரப்பும் காலப்போக்கில் எவ்வாறு இடம் மாறி நின்றன என்பதும் விளங்கும்.

1794-இல் கோட்டையில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்த பொறியியல் கல்லூரியில் அந்த விவாதத்துக்கே இடமிருந்ததில்லை. அது சர்க்கார் கல்லூரி. கீர்த்தியும் அதற்கே உரியது. இடம் கிடைத்தவன் பாக்கியவான் என்று ஊர் எண்ணியது.

சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியின் வரலாறு வேறு வகையானது. 1837-இல் ஸ்காத்லாந்து மிஷனரிமாரால் ஜார்ஜ் டவுனில் பள்ளியாகத் தொடங்கப்பட்ட அந்த ஸ்தாபனம், நகரத்தின் நெருக்கடி தாளாமல், கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931-க்குச் சில ஆண்டுகள் கழித்து, 1937-இல், சேலையூர்க் காட்டை ஒட்டிய விசாலமான நிலத்துக்கு வந்து சேர்ந்தது. ரசாயனப் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் மனைவியாரும் அங்கே நட்டு வளர்த்த மரங்கள் இன்றும் நிழல் தருகின்றன. மிஷனுடைய உடைமையாயினும் சர்க்கார் மானியம் பெற்ற கல்லூரி ஆனபடியால், தனியார் நிர்வாகமும் மிதமான சம்பளமும் ஒருங்கே கூடியிருக்கலாம் என்பதற்கு அது நெடுங்கால உதாரணமாக விளங்கிற்று. அக்கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில் பயின்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், படித்து முடித்த உறவினர் ஒருவருடைய தத்துவப் புஸ்தகங்கள் செலவின்றிக் கிடைத்தமையாலேயே அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார் என்பது பிரசித்தமான செய்தி. கையிலுள்ள பொருளே படிப்பை நிர்ணயிப்பது நம் தலைமுறையில் தோன்றிய துன்பமன்று.

குரோம்பேட்டைக்கு வருவோம். சி. ராஜம் என்னும் தொழிலதிபர், சென்னையிலிருந்த தமது ‘இந்தியா ஹவுஸ்’ மாளிகையை விற்று, அந்தத் திரவியத்தைக் கொண்டு 1949-இல் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தை ஸ்தாபித்தார். ஆகாய விமானம், மோட்டார் வாகனம், எலெக்ட்ரானிக்ஸ், அளவைக் கருவிகள் என்று, நம் நாட்டுக் கல்லூரிகளில் அதுவரை வேரூன்றாத துறைகளை, விஞ்ஞானப் பட்டம் பெற்ற இளைஞர்களுக்குக் கற்பிப்பது அவருடைய சங்கல்பம். தம் குடியிருப்பை விற்றுப் பிறர் பிள்ளைகளுக்குப் பள்ளி எழுப்பிய ஒருவரைத் தமிழ்நாடு இன்னும் அதிகமாக நினைத்திருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆனால் அத்தகைய தர்ம சிந்தையில் பிறந்த ஸ்தாபனத்திலும் சம்பளம் எளியவர்க்கு எட்டுவதாக இல்லை. திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் பௌதிகம் படித்து முடித்த ராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமுக்கு இங்கே இடம் கிடைத்தபோது, சேர்வதற்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ 1,000 ரூபாயை அவருடைய தந்தையாரால் திரட்ட இயலவில்லை. தமக்கை ஜோஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தே அத்தொகையைக் கொடுத்தார். தம் சம்பாத்தியத்தைக் கொண்டே அவற்றை மீட்பேன் என்று தம்பி உறுதி பூண்டார். படிக்கும்போது உபகாரச் சம்பளத்தையே பெரிதும் நம்பியிருந்தார். விமான வடிவமைப்பு வேலை பின்தங்கியதைக் கண்ட பேராசிரியர் ஸ்ரீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிடில் அந்த உதவி நின்றுபோகும் என்று எச்சரித்ததும், இரவு பகல் பாராமல் உழைத்து அவர் அதை முடித்ததும் அவருடைய சுயசரிதையில் உள்ளவை. அங்கே விமானப் பொறியியல் கற்றமையால்தான் பின்னாளில் ராக்கெட்டின் பக்கம் அவர் வந்தார். அடகு வைத்த நகை வீண்போகவில்லை. அதைக் கொண்டு, அடகு வைத்தவர் அனைவருக்கும் அவ்விதமே பலிக்கும் என்று வாதிப்போரை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

1978-இல் கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றோடு இந்த நிறுவனமும் இணைக்கப்பட்டு அண்ணா பல்கலைக்கழகம் உருவாயிற்று. தனவந்தர் ஒருவர் எழுப்பியது சர்க்கார் சர்வகலாசாலையின் அங்கமாயிற்று. கீர்த்தி குறையவில்லை, சம்பளம்தான் எளியவர் கைக்கு அடங்குவதாயிற்று.

அதற்குச் சில ஆண்டுகளிலேயே காற்று எதிர்த்திசையில் வீசலாயிற்று. 1984-ஐ ஒட்டி எம்.ஜி.ஆர். ஆட்சி, மானியமின்றி நடக்கும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கவே, வண்டலூரில் கிரசென்ட், காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். என்று அவை தொடர்ந்து எழுந்தன; அவற்றுட் பல பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாயின. நன்கொடைக் கொடுமை வளரக்கண்டு 1992-இல் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டு 1993-இல் இடங்களை இலவசம், கட்டணம் என்று சரிபாதியாக வகுத்தது. 2002-இல் அவ்வகுப்பு முறை நீக்கப்பட்டது. இத்தனை மாற்றங்களுக்கிடையே ‘மேனேஜ்மென்ட் சீட்’ என்ற சொல் நம் வீட்டுப் பேச்சில் நிலைத்துவிட்டது.

இந்தத் தனியார் கல்லூரிகள் வேண்டாதவை என்பது என் கருத்தன்று. அவை இல்லாதிருந்தால் பட்டணம் காணாத எத்தனையோ குடும்பங்களில் இஞ்சினியர் தோன்றியிருக்க முடியாது. ஆயினும், கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் 50 வீதமாகக் கணக்கிடும் 200-க்கான கட்டாப் மதிப்பெண்ணில் ஒரு பின்னம் குறைந்ததற்காக, குரோம்பேட்டை வாசலைத் தாண்டிப் பொத்தேரியிலுள்ள தனியார் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் தகப்பனார், மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்ததை எடுப்பதோ பாங்கியில் கல்விக் கடன் வாங்குவதோ நியாயமென்று என் மனம் ஒப்பவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவனுக்கு 2010 முதல் கற்பிப்புக் கட்டணத்தைச் சர்க்கார் ஏற்பதும், சர்க்கார் பள்ளியில் படித்தோர்க்கு 2021-இல் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கி அவர்களுடைய கட்டணத்தையும் விடுதிச் செலவையும் தானே செலுத்துவதும் நல்ல காரியங்கள். அவற்றினும் நல்லது, அண்ணா பல்கலைக்கழகத்தின் தரத்துக்கு ஈடான சர்க்கார் கல்லூரிகளை இந்த மார்க்கத்திலேயே இன்னும் சில எழுப்புவது.