குதிரைமுள்ளங்கியும் முருங்கை வேரும்

குதிரைமுள்ளங்கி கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. தாவரவியலில் இதன் பெயர் ஆர்மொரேசியா ரஸ்டிகானா. தென்கிழக்கு ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் இதன் தாயகம். தடித்த வெள்ளை வேரைத் துருவி, காடியில் கலந்து, இறைச்சிக்கும் மீனுக்கும் தொட்டுக்கொள்வார்கள். பெயரில் உள்ள குதிரைக்கும் உண்மையான குதிரைக்கும் தொடர்பில்லை. பெரியதாகவோ முரடாகவோ இருப்பதை அப்படிச் சொல்வது ஆங்கில வழக்கம். பெரிய நெருஞ்சியை நாம் ஆனைநெருஞ்சி என்று சொல்வது போலத்தான்.

முழு வேருக்கு மணமே இராது. துருவும்போது செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த சினிகிரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் ஒன்று சேர்கின்றன. அப்போது அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற கார எண்ணெய் பிறக்கிறது. மிளகாய் நாக்கைச் சுடும். இது மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவழைக்கும். காடி ஊற்றியதும் வினை நின்றுவிடும். கடுகை அரைக்கும்போது வருகிற நெடியும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

ஒன்றுக்குப் பதில் மற்றொன்று

ஜெர்மானியர் இதை அரைத்து மீனுக்குத் தொட்டுக்கொண்டதை ஜான் ஜெரார்டு என்ற ஆங்கிலேயர் 1597இல் வெளியிட்ட தமது மூலிகை நூலில் குறித்திருக்கிறார். யூதர்களுக்கு இந்த வேர் வெறும் தொடுகறி அன்று. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த துன்பத்தை நினைவுகூரும் பாஸ்கா விருந்தில் கசப்புக் கீரை உண்பது அவர்கள் மரபு. அதற்குப் பழங்காலத்தில் கீரை வகைகளே இருந்தன. குளிர்மிகுந்த வட ஐரோப்பாவில் வசந்தத்தின் தொடக்கத்தில் கீரை கிடைப்பது அரிது. ஆகவே மண்ணுக்குள் கிடக்கும் இந்த வேர் அதன் இடத்தைப் பிடித்தது.

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலுக்குப் போனவர்கள், அங்கே ஈப்ரு மொழிப் பலகைகளைப் பார்த்திருக்கலாம். இஸ்ரேலியப் பயணிகள் பல ஆண்டுகளாக வந்து தங்குவதால் அவ்வூருக்குக் 'குட்டி இஸ்ரேல்' என்றே பெயர். குதிரைமுள்ளங்கி என்றால் அவர்களில் பலருக்கு வீட்டு விருந்தின் நினைவு வரும். நமக்கோ அது புத்தகத்தில் படிக்கும் பெயர்.

ஆனால் அதே பெயரை ஆங்கிலேயர் நம் ஊர் மரம் ஒன்றுக்கும் சூட்டினார்கள். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வழியாக, வெள்ளகவி கிராமத்தைக் கடந்து, கும்பக்கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை உண்டு. இறங்க இறங்கக் குளிர் விட்டு, பெரியகுளம் சமவெளியின் வெக்கை முகத்தில் அடிக்கும். அங்கே முருங்கை செழித்து வளர்கிறது. 'பிகேஎம் 1' என்ற செடிமுருங்கை இரகம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானதே. மொரிங்கா என்ற தாவரவியல் பெயர்கூட நம் முருங்கையிலிருந்து போனதுதான்.

வறுத்த மாட்டிறைச்சிக்குக் குதிரைமுள்ளங்கி இல்லாமல் தவித்த ஆங்கிலேயர், முருங்கை வேரைச் சுரண்டி அதற்குப் பதிலாகப் பயன்படுத்தினர். மரத்தையே 'குதிரைமுள்ளங்கி மரம்' என்றும் அழைத்தனர். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இப்பெயரை வட, தென்னிந்தியா இரண்டிலும் வழங்குவதாகப் பதிவு செய்கிறது. நாக்கு அவர்களை ஏமாற்றவில்லை. முருங்கை வேரிலும் ஐசோதயோசயனேட் வகைக் காரம் உண்டு.

பெயரால் வரும் ஆபத்து

காரம் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்று என்று கொள்ள முடியாது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள்: "சார், சளிக்குக் குதிரைமுள்ளங்கி நல்லதாமே. இணையத்தில் தேடினால் முருங்கை என்று வருகிறது. கொல்லையில் மரம் இருக்கிறது, வேரை அரைத்துக் குடிக்கலாமா?" அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. கூடவே கூடாது என்றேன். முருங்கையின் வேரிலும் வேர்ப்பட்டையிலும் நச்சுத்தன்மையுள்ள ஆல்கலாய்டுகள் உள்ளன. கருவைக் கலைக்க அவ்வேரைப் பயன்படுத்திய வழக்கமும் உண்டு. நாம் உண்பது இலை, பூ, காய் மட்டுமே.

உண்மையான குதிரைமுள்ளங்கியின் பயன் என்ன? பச்சை வேரில் வைட்டமின் சி உண்டு. ஆனால் யாரும் கரண்டி கரண்டியாக அதை உண்பதில்லை. அதன் கார எண்ணெய்க்கு நுண்ணுயிர்களை அடக்கும் ஆற்றல் இருப்பது ஆய்வகத்தில் தெரிந்த செய்தி. ஜெர்மனியில் சுவாசப் பாதை, சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளுக்குத் துணை மருந்தாக இதை ஏற்றுள்ளனர். 2021ஆம் ஆண்டின் மருத்துவத் தாவரமாகவும் அங்கே தேர்வானது. வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஆகாது. மூக்கடைப்பு நீங்கினாற்போல் ஒரு கணம் தோன்றுவதை நோய் தீர்ந்ததாக எண்ணிவிடக் கூடாது.

இதைத் தின்றே இராதவர்களும் இதனால் பயனடைந்திருக்கலாம். இவ்வேரிலிருந்து பிரிக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதி, எலைசா இரத்தப் பரிசோதனைகள் பலவற்றில் நிறமாற்றத்தை உண்டாக்கி முடிவைக் காட்டுகிறது. எச்.ஐ.வி. பரிசோதனையும் அவற்றுள் ஒன்று.