ரோபோட்டிக்ஸ் கிட் வாங்கப் போறீங்களா? ‘ஓப்பன் சோர்ஸ்’ போர்டா என்று ஏன் கேட்கணும்?

சேலம் ஜங்ஷன் ரயில் நிலையம் இருக்கும் சூரமங்கலத்தில் ஒரு பள்ளி, மாணவர்களுக்கு கம்ப்யூட்டர் கிளப் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 10,000 ரூபாய். ஒரே பெட்டியில் வரும் பளபள ரோபோட்டிக்ஸ் கிட் வாங்குவதா, இல்லை போர்டு, சென்சார், மோட்டார், ஒயர் என்று தனித்தனியாக வாங்குவதா?

மூன்று வருஷம் கழித்தும் அந்தப் பணத்துக்குப் பலன் இருக்குமா என்பது இந்த முடிவில்தான் இருக்கிறது.

ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர்னா என்ன?

ஒரு போர்டின் சர்க்யூட் வரைபடம், வடிவமைப்பு ஃபைல், பாகங்களின் பட்டியல் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கொடுத்துவிடுவது. யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம், மாற்றலாம், தயாரித்து விற்கவும் செய்யலாம்.

இதில் பிரபலமானது 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோ. அதன் ‘உனோ’ போர்டில் நினைவகம் வெறும் 32 கேபி. செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது! ஆனால் விளக்கு எரியவைக்க, மோட்டார் சுற்ற, வெப்பநிலை பார்க்க அது தாராளம். சாக்கெட் வைத்த உனோவில் சிப் எரிந்துபோனால், சிப்பை மட்டும் கழற்றி, பூட்லோடர் ஏற்றிய வேறு சிப்பைப் பொருத்தலாம். போர்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

பலரும் ஓப்பன் என்று நினைக்கும் ராஸ்பெர்ரி பை அப்படியல்ல. அதன் முழு போர்டு வடிவமைப்பு வெளியிடப்படவில்லை.

விலை குறைந்த போர்டு போலியா?

வடிவமைப்பு எல்லோருக்கும் பொது. ‘ஆர்டுயினோ’ என்ற பெயர் மட்டும் வணிக முத்திரை. அதே வடிவமைப்பில் வேறு பெயரில் வரும் போர்டு சட்டப்படி சரியானதே. அனுமதி இல்லாமல் அந்தப் பெயரையே அச்சடித்து விற்றால்தான் போலி.

விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் யுஎஸ்பி இணைப்புக்கு சிஎச்340 என்ற சிப் இருக்கும். கம்ப்யூட்டரில் போர்டு தெரியலைன்னா உடனே பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த சிப்புக்கான டிரைவரைப் போட்டுப் பார்க்கவும். அதற்கும் முன்னால் கேபிளை மாற்றிப் பார்க்கவும், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா போகாது.

இந்தியாவில் உருவானது எது?

டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஆக்சிலரேட்டர் மையம், ‘ஃபீனிக்ஸ்’ திட்டத்தில் உருவாக்கியதுதான் எக்ஸ்ப்ஐஸ். உள்ளங்கை அளவுப் பெட்டியை கம்ப்யூட்டரில் செருகினால் அலைக்காட்டி, வோல்ட் மீட்டர், சிக்னல் ஜெனரேட்டர் எல்லாம் திரையில் வந்துவிடும். இயற்பியல் லேபுக்கென்றே செய்தது. வடிவமைப்பும் மென்பொருளும் திறந்தவை, பைதான் மொழியில் மாணவர்களே புரோகிராமும் எழுதலாம். விளம்பரம் இல்லாததால் பல பள்ளிகளுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது என்பதுதான் வருத்தம்.

இப்போது ஏன் முக்கியம்?

நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில், 2016 முதல் தேர்வான பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி ஒதுக்கப்பட்டது. 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 லேப்கள் அமைக்கப்படும் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கிட் விற்பவர்களும் பெருகத்தான் செய்வார்கள்.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் மூன்று கேள்வி கேட்கவும். சர்க்யூட் வரைபடம் கிடைக்குமா? கம்பெனியின் ஆப், லாகின் இல்லாமல் புரோகிராம் ஏற்ற முடியுமா? ஒரு சென்சார் போனால் வெளியே அதை மட்டும் வாங்க முடியுமா? குறிப்பாக இரண்டாவது கேள்வி. ஆப் நின்றுபோனால் கிட் வெறும் பொம்மைதான்.

உள்ளூரிலேயே என்ன செய்யலாம்?

சேலம் பக்கம் மரவள்ளிக் காட்டுக்கு மண் ஈரம் காட்டும் கருவி, நாமக்கல் கோழிப்பண்ணைக்கு வெப்பம் ஏறினால் அலறும் அலாரம். இரண்டுமே ஒரு உனோ போர்டில் முடிகிற வேலை. மண்ணில் குத்தும் இரண்டு கம்பி சென்சார் சீக்கிரம் அரித்துவிடும், அதனால் கெப்பாசிட்டிவ் வகையை வாங்கவும். தகவல் போனுக்கு வர வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டு தேவை. உனோ 5 வோல்ட், இது 3.3 வோல்ட். 5 வோல்ட் சென்சாரை நேரடியாக மாட்டினால் போர்டு எரிந்துபோகலாம்.