தோற்றவனுக்கு முதல் பந்தி



போன வாரம் ஆரஞ்சுத் தொப்பியோடு ஒரு படம் போட்டிருந்தேன். "டீச்சர், திடீர்னு ஏதும் கட்சியில சேர்ந்துட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டிருந்தான் (95ஆம் வருஷத்து ஐந்தாம் வகுப்பு, பெயரைச் சொல்ல மாட்டேன்). கட்சித் தொப்பி இல்லையப்பா. கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ் என்கிற அமெரிக்க ஃபுட்பால் அணியின் தொப்பி. மகள் வீட்டுக்கு இரண்டு தடவை போய் ஆறாறு மாதம் இருந்ததில் தொற்றிக்கொண்ட வியாதி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாப்பிள்ளையும் பேரனும் டிவி முன்னால் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொள்வார்கள். என்ன ஆச்சு என்று கேட்கப் போய், இப்போது நானும் தலையில் கை வைக்கிறவளாகிவிட்டேன்.

2025 ஏப்ரல் 24 இந்த அணிக்கு ஒரு பெரிய நாள். அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

முதலில் விளையாட்டு. பெயரில்தான் ஃபுட், காலுக்கு அதிக வேலை இல்லை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், அல்லது எறிய வேண்டும். எறிகிறவருக்குப் பெயர் குவாட்டர்பேக். (குவாட்டர் என்றதும் சிரிக்கிறவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும்.) அணியின் மூளை அவர்தான். அவர் சரியில்லை என்றால் மற்ற பத்துப் பேர் எப்படி ஆடினாலும் கதை நடக்காது.

அடுத்து டிராஃப்ட். பேங்கில் எடுக்கிற டிராஃப்ட் இல்லை. கல்லூரியில் ஆடி முடித்த பிள்ளைகளை என்.எஃப்.எல்.லின் 32 அணிகளும் வருஷத்துக்கு ஒருமுறை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். மொத்தம் ஏழு சுற்று. ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. போன பருவத்தில் கடைசியில் வந்த அணி முதலில் தேர்ந்தெடுக்கும், கோப்பை வாங்கிய அணி கடைசியில். பந்தியில் தோற்றவனுக்குத்தான் முதல் இலை. பையனுக்கு எந்த அணி பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. பெயர் கூப்பிட்ட ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் பெர்ட் பெல். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் முதலாளி. 1930களில் நல்ல ஆட்டக்காரர்கள் பணமும் பேரும் உள்ள சிகாகோ பேர்ஸ், நியூயார்க் ஜயண்ட்ஸ் மாதிரி அணிகளுக்கே போவார்கள். இவர் கூப்பிட்டால் வரமாட்டார்கள். 1935இல் அவர் ஒரு யோசனை சொன்னார்: ஆளுக்கொரு முறை, அதுவும் அடியிலிருந்து மேலே. ஆச்சரியம் என்னவென்றால் பெரிய அணிகளின் முதலாளிகளும் ஒத்துக்கொண்டார்கள். சின்ன அணிகள் மூடிவிட்டுப் போனால் பெரிய அணிகள் யாரோடு ஆடும்? டிக்கெட் யார் வாங்குவார்கள்? சமதர்மம் மாதிரி தெரிந்தாலும் அடியில் வியாபாரக் கணக்குதான். இன்னொரு லாபமும் இருந்தது. ஒரு பையனிடம் ஒரே அணிதான் பேச முடியும் என்றால் சம்பளத்தை ஏற்றிக் கேட்க அவனுக்கு வழி ஏது?

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரி 8 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஓட்டலில் நடந்தது. சுமார் 90 பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்களாம். (கரும்பலகை என்றதும் எனக்குப் பாசம் வந்துவிட்டது.) 1935இல் கடைசி இடம் பெல்லின் அணிக்கே. முதல் தேர்வும் அவருக்கே. அவர் எடுத்தது ஜே பெர்வாங்கர் என்ற சிகாகோ பல்கலைக்கழகத்துப் பையனை. கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவருக்குக் கொடுக்கிற ஹெய்ஸ்மன் கோப்பையை முதன்முதலில் வாங்கியவர். பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டு கல்லூரியில் இவரை மடக்கப் போய்க் கண்ணுக்குக் கீழே வாங்கிய தழும்பு கடைசிவரை மறையவில்லை.

அப்பேர்ப்பட்டவர் என்.எஃப்.எல்.லில் ஒரு நாள்கூட ஆடவில்லை. அவர் கேட்ட சம்பளத்தைப் பெல்லால் கொடுக்க முடியவில்லை. உரிமையை வாங்கிக்கொண்ட சிகாகோ பேர்ஸும் கொடுக்கவில்லை. பெர்வாங்கர் ரப்பர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அந்த ஹெய்ஸ்மன் கோப்பையை அவருடைய அத்தை வீட்டுக் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தாராம்.

அந்தக் கரும்பலகையில் கறுப்பினப் பையன் ஒருவன் பெயரும் கிடையாது. 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.லில் ஒரு கறுப்பின ஆட்டக்காரரும் இல்லை. எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. முதலாளிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். டிராஃப்டில் முதல் கறுப்பினப் பெயர் 1949இல்தான் வந்தது: ஜார்ஜ் டாலியஃபெரோ, அதுவும் 13ஆம் சுற்றில்.

இங்கேதான் என் அணிக்காக நான் நிமிர்ந்து உட்காருவேன். கிளீவ்லாண்ட் அணி 1946இல் வேறொரு லீக்கில் தொடங்கியது. பயிற்சியாளர் பால் பிரௌன். அணிக்குப் பெயரே அவர் பெயர்தான். அதற்கு முன்னால் அவர் மாசிலன் என்ற சின்ன ஊரில் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர். ஆட்டக்காரர்களை வகுப்பறையில் உட்கார வைத்து, நோட்டுப் போட்டு எழுத வைத்து, பரீட்சையும் வைப்பார். அவ்வளவு பெரிய உருவங்கள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த முதல் வருஷமே பில் வில்லிஸ், மேரியன் மோட்லி என்ற இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார். பேஸ்பாலின் பெரிய லீக்கில் ஜாக்கி ராபின்சன் இறங்கியதற்கு ஒரு வருஷம் முன்னால். அந்த லீக் நடந்த நான்கு வருஷமும் கோப்பை கிளீவ்லாண்டுக்கே. 1950இல் என்.எஃப்.எல்.லில் சேர்ந்தார்கள், அந்த வருஷமும் கோப்பை.

1957 டிராஃப்டில் அவருக்கு வேண்டியிருந்தது ஒரு குவாட்டர்பேக். கண் வைத்திருந்த லென் டாசனை ஐந்தாவது இடத்தில் பிட்ஸ்பர்க் கொத்திக்கொண்டு போய்விட்டது. சரி, இருப்பதில் நல்லதைப் பார்ப்போம் என்று ஆறாவதாக எடுத்த பையன் ஜிம் பிரௌன். ஒன்பது வருஷம் ஆடினார், அதில் எட்டு வருஷம் பந்தோடு அதிக தூரம் ஓடியவர் அவரே. 1964இல் கோப்பையும் வந்தது. கிளீவ்லாண்ட் கடைசியாக வாங்கிய கோப்பை அது. அன்று கேட்டது கிடைத்திருந்தால் ஜிம் பிரௌன் வேறு ஏதோ ஊருக்குப் போயிருப்பார்.

அடுத்தது ஏர்னி டேவிஸ். இதை எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

1961 ஆனபிறகும் ஒரு கறுப்பினத்தவரையும் சேர்க்காத ஒரே அணி வாஷிங்டன். அதன் முதலாளி ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் மசியவே இல்லை. அந்த அணிக்காகக் கட்டிய புது மைதானம் மத்திய அரசின் நிலத்தில் இருந்தது. கென்னடி அரசின் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் உடால், வழக்கத்தை மாற்றாவிட்டால் மைதானம் கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த வருஷ டிசம்பர் டிராஃப்டில் முதல் தேர்வு வாஷிங்டனுக்கு. வேறு வழியில்லாமல் மார்ஷல் எடுத்த பெயர் ஏர்னி டேவிஸ். ஹெய்ஸ்மன் வாங்கிய முதல் கறுப்பின மாணவர், ஜிம் பிரௌன் படித்த அதே சிரக்யூஸ் பல்கலைக்கழகம். எடுத்த கையோடு அவரைக் கிளீவ்லாண்டுக்குக் கொடுத்துவிட்டு பாபி மிட்செல் என்ற நல்ல ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டார்கள். ஜிம் பிரௌனும் ஏர்னி டேவிஸும் சேர்ந்து ஓடுவதைப் பார்க்கக் கிளீவ்லாண்ட் காத்திருந்தது.

1962 கோடையில் அந்தப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஒரு நாள் இரவு மைதானத்தில் விளக்கு வெளிச்சத்தில் அறிமுகம் செய்தார்கள், அவ்வளவுதான். 1963 மே 18இல் காலமானார். வயது 23. அவர் போட்டு ஆடாத 45ஆம் எண் சட்டையை அதற்குப் பிறகு அணியில் யாருக்கும் கொடுப்பதில்லை. பேரன் முதல்முதலில் இதை எனக்குச் சொன்னபோது, "அம்மாச்சி, அவர் நம்ம டீம்ல ஆடவே இல்லை, ஆனா நம்ம டீம்தான்" என்றான். ஒன்பது வயது அவனுக்கு.

அதற்குப் பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. 1995இல் முதலாளி ஆர்ட் மோடெல் அணியை அப்படியே பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். 1996 டிராஃப்டில் பால்டிமோர் முதல் சுற்றில் எடுத்த ஜோனதன் ஆக்டன், ரே லூயிஸ் இருவரும் பின்னாளில் சாதனையாளர் மண்டபத்துக்குப் போனவர்கள். ரே லூயிஸை எடுத்த அந்த 26ஆவது முறை, கிளீவ்லாண்ட் முந்தின வருஷம் பேரம் பேசிச் சேர்த்து வைத்தது. நாம் உழுது வைத்த வயலில் அடுத்தவன் அறுத்துக்கொண்டு போனான்.

பெயரும் நிறமும் பழைய கணக்கும் நகரத்துக்கே என்று போராடி வாங்கி, 1999இல் புது அணி வந்தது. அதிலிருந்து நான்கு தடவை முதல் தேர்வு கிடைத்திருக்கிறது. 2017இல் எடுத்த மைல்ஸ் கேரட் ஒருவர்தான் மரமாக நிற்கிறார். குவாட்டர்பேக் மட்டும் அமையவே இல்லை. 2007, 2012, 2014 மூன்று வருஷமும் 22ஆவது இடத்தில் ஒரு குவாட்டர்பேக்கை எடுத்தார்கள், மூன்றும் பொய்த்தது. 2000இல் 183ஆவதாக ஸ்பெர்கன் வின் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தார்கள். அதே டிராஃப்டில் 199ஆவதாகப் போனவர் டாம் பிரேடி. ஏழு கோப்பை வாங்கியவர். 1999 முதல் 2024 வரை ஆட்டத்தைத் தொடங்கிய குவாட்டர்பேக்குகள் நாற்பது பேர். நம்ம பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை தலைமையாசிரியர்கள் மாறியதில்லை.

2022இல் டெஷான் வாட்சன் என்ற குவாட்டர்பேக்குக்காக மூன்று வருஷத்து முதல் சுற்றுத் தேர்வுகளை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். சம்பளம் 23 கோடி டாலர், ஆடினாலும் ஆடாவிட்டாலும். பெண்கள் பலர் அவர்மேல் வழக்குப் போட்டிருந்த நேரம் அது. என் மகள் அன்றைக்கே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டாள். இன்றுவரை போடவில்லை. நான் போட்டிருப்பது அவள் தொப்பிதான்.

2024 பருவத்தில் 17 ஆட்டத்தில் மூன்று வெற்றி. அதனால் 2025 ஏப்ரல் 24 அன்று கிரீன் பேயில் நடந்த டிராஃப்டில் நமக்கு இரண்டாவது முறை. 2021க்குப் பிறகு அப்போதுதான் முதல் சுற்றில் நம் பெயர் வந்தது. முதல் தேர்வு வைத்திருந்த டென்னசி, கேம் வார்டு என்ற குவாட்டர்பேக்கை எடுக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நமக்கு எதிரே இருந்தவர்கள் முக்கியமாக மூன்று பேர். பென் ஸ்டேட்டின் அப்துல் கார்ட்டர் எதிரணிக் குவாட்டர்பேக்கைத் துரத்திப் பிடிப்பவர். கொலராடோவின் ஷெடூர் சாண்டர்ஸ் குவாட்டர்பேக். அவரோடு அதே அணியில் ஆடிய டிராவிஸ் ஹண்டர் 2024 ஹெய்ஸ்மன்காரர்.

பேரனுக்குச் சாண்டர்ஸ்தான் வேண்டும் என்றிருந்தது. மாப்பிள்ளைக்குக் கார்ட்டர். எனக்கு ஹண்டர். இந்தக் காலத்தில் ஒருவர் பந்தைப் பிடிக்க மட்டும் ஆடுவார், அல்லது தடுக்க மட்டும் ஆடுவார். ஹண்டர் கல்லூரியில் இரண்டும் ஆடினார், ஆட்டம் முழுக்க மைதானத்தை விட்டு வெளியே வந்ததே அபூர்வம். பெர்வாங்கர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் ஆடினார்கள். குவாட்டர்பேக் இல்லையே என்ற பதைப்பில் இரண்டாவது இடத்தை ஒரு குவாட்டர்பேக்குக்குக் கொடுப்பது, பசி வேகத்தில் வேகாத சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்கிற மாதிரி. நாற்பது வயது ஜோ ஃப்ளாக்கோவை 2025 ஏப்ரலில் திரும்பவும் சேர்த்திருந்தார்கள், அந்த வருஷத்தை அவரை வைத்து ஓட்டட்டும் என்று நினைத்தேன். 33ஆவது முறையும் நமக்குத்தான் இருந்தது. சாண்டர்ஸ் அதுவரை இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று பேரனிடம் சொன்னேன். "அதுவரைக்கும் எப்படி அம்மாச்சி இருப்பார்?" என்று கோபித்துக்கொண்டான்.

எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைகளை எடை போடுவதில் என் லட்சணம் எனக்கே தெரியும். பல வருஷம் முன்னால் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். "இவனுக்குத் தலைகீழா நின்னாலும் கணக்கு வராதும்மா, ஏதாவது தொழில்ல விடுங்க" என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். அடுத்த ஜூனில் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. இப்போது லேத் பட்டறை வைத்திருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான், பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வான். போன வருஷம் அவன் மகள் பிளஸ் டூ முடித்ததும் போன் பண்ணி, "டீச்சர், பாப்பாவை என்ன படிக்க வைக்கலாம்? நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றான். எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையையே கேளுப்பா என்று வைத்துவிட்டேன்.

டிராஃப்ட் அங்கே வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு இருந்தது. நமக்கு 25ஆம் தேதி வெள்ளி அதிகாலை ஐந்தரை. பேரன் வீடியோ காலில் வருவதாக இருந்தான். ஆறரை வரைக்கும் யாரும் எனக்குப் போன் பண்ண வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பால்காரரிடமும் சொல்லியிருந்தேன், பாக்கெட்டைக் கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போகும்படி.