முத்துச் செவ்வும் விகிதக் கணக்கும்

தூத்துக்குடி முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், இரண்டு விதமான விகிதக் கணக்குகள் புழங்கின. ஒன்று மிக எளியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கரைசேர்ந்த சிப்பிகளை மூன்று குவியலாக்கி, இரண்டை அரசு எடுத்துக்கொள்ள, ஒன்று குளித்தவர்களுக்குப் போனது. சிப்பி இரட்டித்தால் அவர்கள் கூறும் இரட்டிக்கும். மற்றது முத்து வணிகர்கள் முத்தின் மதிப்பை எடையின் இருமடியைக் கொண்டு அளந்த செவ்வுக் கணக்கு. நம் பள்ளிகளில் விகிதசமம் கற்பிக்கும் முறை முதல் கணக்கைப் பற்றிக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. அதனால் விகிதசமத்தைப் போடத் தெரிந்த மாணவருக்கு, அது எங்கே பொருந்தாது என்பது தெரியாமல் போகிறது. பக்கம் மும்மடங்கானால் சதுர வயலுக்கு உரமிடும் நேரமும் மும்மடங்காகும் என்றே பெரும்பாலான மாணவர்கள் விடை எழுதுவதை, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சரியான விடை ஒன்பது மடங்கு.

செவ்வு காணும் வழி இது: முத்துகளின் மொத்த எடையை மஞ்சாடி என்ற எடையலகில் நிறுத்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நான்கு மஞ்சாடி எடையுள்ள ஒரே முத்துக்கு 12 செவ்வு. ஒவ்வொன்றும் ஒரு மஞ்சாடியான நான்கு முத்துகளுக்கு 3 செவ்வுதான். தராசில் இரண்டும் சமம். மதிப்பில் ஒன்று மற்றதைப்போல் நான்கு மடங்கு. எடை ஒத்த முத்துகளின் எண்ணிக்கை இரட்டித்தால் செவ்வும் இரட்டிக்கும். ஒரு முத்தின் எடை இரட்டித்தால் செவ்வு நான்கு மடங்காகும். ஒரே சரக்கில் இரு உறவுகள். இந்த ஐந்து முத்துகளையும் ஒன்றாகக் கொட்டி நிறுத்தால் என்ன ஆகும்? மொத்தம் 8 மஞ்சாடி. 64இல் முக்கால் 48. ஐந்தால் வகுக்க 9.6 செவ்வு. தனித்தனியே நிறுத்தால் கிடைப்பதோ 15. நிறுப்பதற்கு முன் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்தை அளவுவாரியாகப் பிரித்த வழக்கத்துக்கு, இந்த இழப்பைத் தவிர்ப்பதும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

செவ்வு வணிகர் தமக்குள் வகுத்துக்கொண்ட மரபுதானே, கணித விதியா என்று கேட்கலாம். மரபுதான். ஆனால் பேனாவின் விலை எண்ணிக்கையோடு நேராகக் கூடும் என்பதும் மரபே. மொத்தமாக வாங்கினால் அது குலைந்துவிடும். நிறமும் உருட்சியும் செவ்வில் இல்லையே என்பாரும் உண்டு. அவற்றை ஒரு செவ்வுக்கு என்ன விலை என்ற பேரத்துக்கு விட்டுவைத்ததில்தான் இம்முறையின் தெளிவு இருக்கிறது. வலுவான மறுப்பு வேறு: நேர் விகிதமே பிடிபடாத குழந்தையிடம் இருமடியைக் கொண்டுவந்தால் குழம்பாதா? சூத்திரமாகக் கொடுத்தால் குழம்பும். ஒரு பெரிய முத்தையும், அதே எடைக்கு நான்கு சிறிய முத்துகளையும் காட்டி, விலை ஒன்றாக இருக்குமா என்று மட்டும் கேட்டால், எது எதோடு சேர்ந்து கூடுகிறது என்ற கேள்வி தானே எழும். அந்தக் கேள்வியைக் கேட்காமல், ஒன்றின் மதிப்பைக் கண்டு பெருக்கும் ஓரலகு முறையில் இறங்குவதே பிழைகளின் ஊற்று. 7ஆம் வகுப்பின் நேர் விகிதப் பாடத்தில் இந்த ஒரு கணக்கைப் பாடநூல் ஆசிரியர்கள் சேர்க்க வேண்டும்.