டின் மெஷின்: டேவிட் போவி நாலுல ஒருத்தரான கதை

இந்த எபிசோடுக்கு எடுத்துக்கிட்ட ஆல்பம் 1989 மே மாதம் வெளியானது. பெயர் 'டின் மெஷின்'. இசைக்குழுவின் பெயரும் அதேதான். அட்டையில் சூட் போட்ட நாலு பேர் நிற்கிறார்கள். அதில் ஒருத்தர் டேவிட் போவி. ஆனா அட்டையில அவர் பெயர் கிடையாது.

அப்போது அவருக்கு வயது 42. முதல் சிங்கிள் வந்து 25 வருஷம் ஆகியிருந்தது. உலகத்துல எந்த ஊர் ஸ்டேடியமா இருந்தாலும் அவர் பெயரை மட்டும் போட்டாலே டிக்கெட் விற்கும். அப்படிப்பட்ட ஆள், "இனிமே நான் ஒரு பேண்டுல பாடகர், அவ்வளவுதான்" என்கிற மாதிரி வந்து நிற்கிறார். ஏன்? அது நிஜமாவே நடக்கக்கூடிய காரியமா? இன்னைக்கு இந்த ரெண்டு கேள்விதான்.

முதல்ல, பிரச்சினை எங்கே ஆரம்பித்தது? வெற்றியிலதான். 1983ல் 'லெட்ஸ் டான்ஸ்' வந்தது. தயாரிப்பாளர் நைல் ராட்ஜர்ஸ். போவியின் ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது அதுதான். எழுபதுகள் முழுக்க ஆல்பத்துக்கு ஆல்பம் வேஷத்தையும் இசையையும் மாத்திக்கிட்டே இருந்த மனுஷன், முதல் தடவையா உலகத்துல பாதிப் பேருக்குப் பிடிச்ச ஒரு பாப் நட்சத்திரம் ஆனார். புதுசா வந்த கூட்டத்துக்குப் பழைய போவியைத் தெரியாது. அவர்களுக்கு வேண்டியது இன்னொரு 'லெட்ஸ் டான்ஸ்'.

அவரும் கொடுத்துப் பார்த்தார். 1984ல் 'டுநைட்', 1987ல் 'நெவர் லெட் மீ டவுன்'. இரண்டையுமே விமர்சகர்கள் கிழித்தார்கள். பிற்பாடு போவியே இந்தக் காலகட்டத்தைப் பற்றிக் கசப்பாகத்தான் பேசினார். 1987ல் நடந்த 'கிளாஸ் ஸ்பைடர்' சுற்றுப்பயணத்தில் மேடைக்கு மேல் பிரம்மாண்டமான ஒரு சிலந்தி, கீழே நடனக் கலைஞர்கள், கயிறு, விளக்கு எல்லாம் இருந்தது. கூட்டமும் வந்தது. ஆனா இந்த ஏற்பாட்டுக்குள்ள பாட்டு எங்கே இருக்குன்னுதான் பலர் கேட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். டீம்ல ரொம்ப சீனியரா ஒருத்தர் இருந்தா, அவர் எழுதின கோடை ரிவ்யூ பண்றவங்க பெரும்பாலும் மேலோட்டமா பார்த்துட்டு ஓகே சொல்லிடுவாங்க. அவர் மோசமா எழுதுறார்னு இல்ல. யாரும் கேள்வி கேட்கலைன்னா, நல்லா எழுதுறவருக்கே தான் எங்கே சறுக்குறோம்னு தெரியாமப் போயிடும். எண்பதுகளின் நடுவில் போவியைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் அவரிடம் சம்பளம் வாங்கியவர்கள். 'வேண்டாம்' என்று சொல்வது அவர்கள் வேலை இல்லை.

அந்த வேலைக்கு ஆள் வந்தது கொஞ்சம் வேடிக்கையான வழியில். 'கிளாஸ் ஸ்பைடர்' பயணத்தின் அமெரிக்கப் பகுதியில் பத்திரிகைத் தொடர்பு பார்த்த பெண்ணின் கணவர் ரீவ்ஸ் கேப்ரல்ஸ். பாஸ்டன் பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்த கிட்டாரிஸ்ட். மேடைக்குப் பின்னால் போவியோடு அரட்டை அடித்திருக்கிறார், ஆனா தான் கிட்டார் வாசிப்பேன்னு சொல்லிக்கவே இல்லை. பயணம் முடிந்த பிறகுதான் மனைவி கொடுத்த டேப் வழியா போவிக்கு விஷயமே தெரிந்தது. 1988 ஜூலையில் லண்டனில் ஐசிஏ கலை நிறுவனத்துக்கு நிதி திரட்டிய ஒரு நிகழ்ச்சியில் இருவரும் சேர்ந்தார்கள். பழைய 'லுக் பேக் இன் ஆங்கர்' பாட்டைப் பிரித்துப் போட்டு நீளமான, இரைச்சலான ஒன்றாக மாற்றி வாசித்தார்கள். டின் மெஷினுக்கு விதை அதுதான்னு சொல்லலாம்.

மற்ற இருவர் சகோதரர்கள். டிரம்ஸ் ஹண்ட் சேல்ஸ், பாஸ் டோனி சேல்ஸ். அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் சூப்பி சேல்ஸின் மகன்கள். இக்கி பாப்பின் 'லஸ்ட் ஃபார் லைஃப்' ஆல்பத்தில் இடி மாதிரி ஒரு டிரம்ஸ் வரும் இல்லையா, அது ஹண்ட். 1977ல் அந்த ஆல்பத்துக்குச் சில மாதம் முன்னாடி இக்கி பாப் மேடையேறியபோது, பின்னால் இந்தச் சகோதரர்களோடு சேர்ந்து அமைதியாகக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவர் டேவிட் போவி. அதாவது, போவி எல்லாருக்கும் பின்னாடி நின்றதை நேரில் பார்த்தவர்கள் இவர்கள். அவரைக் கண்டு மிரள்கிற ஆட்கள் இல்லை.

ஆல்பத்தை சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவிலும் பஹாமாஸில் நசாவிலும் பதிவு செய்தார்கள். டிம் பாமரும் குழுவும் சேர்ந்து தயாரித்தார்கள். முறை ரொம்ப எளிமை: எல்லாரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிப்பது, பிறகு மேலே எதையும் அதிகம் ஒட்டாமல் விடுவது. பாடல் வரிகளிலும் அதே கதைதான். திரும்பத் திரும்ப எழுதி மெருகேற்றுவது போவியின் பழக்கம். மற்றவர்கள் அதைத் தடுத்து, முதலில் வந்ததையே பாடச் சொன்னார்கள். அவரும் பாடினார். பல பாடல்களில் எழுதியவர் என்ற இடத்தில் குழுவினரின் பெயர்களும் இருக்கின்றன.

விளைவு எப்படி இருக்கு? நேர்மையா சொல்லணும்னா, சமமா இல்லை. 'அண்டர் தி காட்' அமெரிக்காவில் தலைதூக்கிய நியோ நாஜிகளைப் பற்றியது. 'கிராக் சிட்டி' போதை வியாபாரத்தைப் பற்றியது. இரண்டிலும் கோபம் நிஜம்தான், ஆனா வரிகள் மேடைப் பேச்சு மாதிரி இருக்கு. இன்னொரு தடவை எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும். சில பாடல்களில் கிட்டாரும் டிரம்ஸும் பாடகருக்கு மூச்சு விட இடமே கொடுக்காது. ஆனா 'ஐ கான்ட் ரீட்' வரும்போது இந்த முறையின் நியாயம் புரிகிறது. டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கிற, எதுவுமே மண்டையில ஏறாத ஒரு மனுஷனின் பாட்டு. குரல் தட்டுத் தடுமாறுகிறது, கிட்டார் பாதையை விட்டு ஓடுகிறது. மெருகேற்றியிருந்தால் அந்தப் பாட்டு செத்திருக்கும்.

ஆல்பம் பிரிட்டனில் 3ஆம் இடம் வரைக்கும், அமெரிக்காவில் 28ஆம் இடம் வரைக்கும் போனது. சுற்றுப்பயணம் சின்ன அரங்குகளில். பழைய ஹிட் எதுவும் வாசிக்கவில்லை.

இப்போ ரெண்டாவது கேள்வி. இது நிஜமாவே நாலு பேர் சமமா இருந்த பேண்டா?

இதுக்கு நாம 1973க்குப் போகணும். ஜூலை 3, லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன். 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' வேஷத்தில் இருந்த போவி, இதுதான் கடைசி நிகழ்ச்சி என்று மேடையிலிருந்தே அறிவித்தார். பின்னால் நின்ற 'ஸ்பைடர்ஸ் ஃப்ரம் மார்ஸ்' குழுவில் பாஸ் வாசித்த டிரெவர் போல்டருக்கும் டிரம்ஸ் வாசித்த வுடி வுட்மன்ஸிக்கும் அந்த நொடி வரைக்கும் அது தெரியாது. தங்கள் வேலை போனதை ரசிகர்களோடு சேர்ந்துதான் கேட்டார்கள்.

அந்த மனுஷன் 16 வருஷம் கழித்து, தன் வரிகளை மாத்தவிடாத மூணு பேரைத் தேடிப் பிடிக்கிறார். இது சின்ன விஷயம் இல்லை. ஸ்டுடியோவுக்குள் அந்தச் சமத்துவம் உண்மையானது என்றுதான் நினைக்கிறேன். ஆல்பத்தின் குறைகளே அதற்குச் சாட்சி. போவி மட்டும் முடிவெடுத்திருந்தால் அந்தக் குறைகளில் பாதி இருந்திருக்காது.

ஆனா ஸ்டுடியோவுக்கு வெளியே? அங்கே சமத்துவத்துக்கு வழியே இல்லை. கடையில் ஆல்பத்தை வாங்கியவர்கள் போவிக்காகத்தான் வாங்கினார்கள். 1990ல் குழுவுக்கு இடைவெளி விட்டு, தன் பெயரில் 'சவுண்ட் பிளஸ் விஷன்' சுற்றுப்பயணம் போய்ப் பழைய ஹிட்களைப் பாட அவரால் முடிந்தது. 1991ல் வேறு நிறுவனத்தில் வந்த இரண்டாவது ஆல்பம் பிரிட்டனில் 23ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. 1992ல் ஒரு நேரடிப் பதிவு வந்தது, அதோடு குழுவும் அடங்கியது. 1993ல் அவர் மறுபடி நைல் ராட்ஜர்ஸோடு சேர்ந்து தன் பெயரிலேயே ஆல்பம் போட்டார். நாலு பேரில் ஒருத்தருக்கு மட்டும் எப்போ வேணும்னாலும் வெளியே போகக் கதவு திறந்திருந்தது. மற்ற மூணு பேருக்கு டின் மெஷின்தான் டின் மெஷின்.

அதனால அவர் பெயரை விட்டுவிட்டு வந்தார்னு நான் சொல்லமாட்டேன். அது அவரால் முடியாத காரியம். அவருக்கு இந்த ஆல்பத்திலிருந்து கிடைத்தது மறுத்துப் பேசுகிற ஒரு கூட்டாளி. ரீவ்ஸ் கேப்ரல்ஸ் 1999 வரைக்கும் கூடவே இருந்தார். 1995ல் 'அவுட்சைட்', 1997ல் 'எர்த்லிங்' என்று போவி மறுபடி யாரும் எதிர்பார்க்காத திசைகளில் போனபோது கிட்டார் அவருடையது. அந்தக் கணக்கில் லாபம் போவிக்குத்தான் அதிகம். சேல்ஸ் சகோதரர்களுக்கு அப்படி ஒரு தொடர்ச்சி அமையவில்லை. 'போவியைக் காப்பாற்றிய பேண்ட்' என்று டின் மெஷினை இன்று பாராட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லணும்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. முழு ஆல்பத்தோட ஆரம்பிக்காதீங்க. முதல்ல 1989 'ஐ கான்ட் ரீட்' கேளுங்க. அப்புறம் 1997ல் வந்த 'தி ஐஸ் ஸ்டார்ம்' படத்துக்காக போவி அதே பாட்டை மெதுவா, அடக்கமா திரும்பப் பாடியதைக் கேளுங்க. ரெண்டாவது ரொம்ப அழகா இருக்கும். ஆனா முதல்ல இருக்கிற அந்தத் தடுமாற்றம் அதுல இருக்காது. எது உங்களுக்குப் பிடிச்சதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.