இரண்டு மொழி, ஒரு பந்தி

வடசென்னையில் 'இருமொழிச் சபை' என்று சொன்னால் ஏதோ நாகரிகமான ஏற்பாடு போலத்தான் தோன்றும். காலையில் ஆங்கில ஆராதனை. அது முடிந்ததும் தமிழ் ஆராதனை. மாதத்தில் ஐந்தாம் ஞாயிறு வந்தால் இரண்டும் சேர்ந்த கூட்டு ஆராதனை. போதகர் ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் அதையே தமிழில் சொல்லுவார். யாருக்கு எந்த மொழி வருமோ அந்த மொழியில் கும்பிட்டுவிட்டுப் போகட்டுமே, இதிலே என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்த நகரத்தில் நட்டுவைத்த பிரஸ்பிற்றேரியன் சபைகளில் இந்த இரண்டு மொழிகளும் தொடக்கத்திலிருந்தே இரண்டு வகை மனிதர்களை மனதில் வைத்து வந்தவை. ஒன்று அக்கிரகாரத்தையும் ஊர்த்தெருவையும் குறிவைத்தது. இன்னொன்று சேரிக்குக் கிடைத்தது. சபை வரலாறுகள் முதலாவதைப் பற்றியே நிறையப் பேசுகின்றன. சபையைத் தாங்கி நிறுத்தியது இரண்டாவதுதான்.

ராயபுரத்துக்கு வடக்கே அப்படி ஒரு சபையில் ஞானஸ்நானம் பெற்றவன் நான். பாட்டன் செங்கல்பட்டுப் பக்கம் பண்ணையாள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஜனங்களுக்கு இருமொழி என்றால் முதலில் தமிழும் தெலுங்கும்தான். அது தெருவிலே, குழாயடியிலே, வேலையிடத்திலே தானாக வந்த இருமொழி. கோயிலுக்குள் இருந்த இருமொழி வேறு. அது மேலிருந்து வந்தது.

'பிரஸ்பிற்றர்' என்றால் மூப்பர் என்று பொருள். பேராயர் கிடையாது, சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் போதகரும் கூடிச் சபையை நடத்துவார்கள். படம் இல்லை, சிலை இல்லை, தூபம் இல்லை. வேதம் வாசிப்பு, சங்கீதம், பிரசங்கம், ஜெபம். அவ்வளவுதான் ஞாயிற்றுக்கிழமை. கேட்பதற்கு நம் ஜனங்களுக்குப் பொருத்தமான சபைதான் இது. ஆனால் வந்தது நமக்காக அல்ல.

1813-ஆம் ஆண்டின் சாசனச் சட்டத்துக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி தன்னிடம் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகப் பிரஸ்பிற்றேரியன் குருமார்களையும் அனுப்பியது. அவர்களுக்காக எழும்பூரில் கட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் 1821-இல் திறக்கப்பட்டது. பூமி இளக்கமான இடம். அதனால் ஏறக்குறைய 150 கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் அடித்தளம் போட்டார்கள். கட்டட வரலாறு எழுதுகிறவர்கள் தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற இராணுவப் பொறியாளரின் திறமையைப் பாராட்டுவார்கள். கிணற்றுக்குள் இறங்கிச் சேறு அள்ளிய உடம்புகளைப் பற்றிப் பேசமாட்டார்கள். அந்தக் கோயிலுக்குள் கேட்டது ஆங்கிலம். துரைமார் தங்கள் சாமியிடம் தங்கள் மொழியில் பேசினார்கள். அதில் நமக்கு வழக்கில்லை.

வழக்கு 1837-இல் தொடங்குகிறது. ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி அந்த ஆண்டு சென்னையில், அர்மேனியன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் பள்ளிக்கூடம் திறந்தார். கல்கத்தாவில் 1830-இல் அலெக்சாண்டர் டஃப் தொடங்கிய பள்ளிதான் முன்மாதிரி. யோசனை இதுதான்: ஆங்கிலக் கல்வியைக் காட்டிப் பார்ப்பனர்களையும் மேல்சாதியினரையும் இழுப்பது, வேதத்தையும் ஆங்கிலத்திலேயே புகட்டுவது, அவர்கள் மனம் மாறினால் மற்றவர்களுக்கு அது தானாக வடிந்து இறங்கும். மேலே ஊற்றினால் கீழே சொட்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் நாம் சொட்டு வாங்க வேண்டியவர்கள்.

பள்ளி தொடங்கிய ஓரிரு ஆண்டுக்குள்ளேயே கணக்கு ஆட்டம் கண்டது. சில பறையர் சிறுவர்கள் பள்ளிக்குள் வந்துவிட்டார்கள். அவர்களை வெளியே அனுப்பு, இல்லாவிட்டால் நாங்கள் போகிறோம் என்று சாதி இந்துக்கள் மிரட்டினார்கள். ஆண்டர்சன் மறுத்துவிட்டார். பெருங்கூட்டமாக மாணவர்கள் வெளியேறினார்கள். அதற்காக ஆண்டர்சனை நாம் மதிக்க வேண்டும், மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நிகழ்ச்சி மிஷன் வரலாறுகளில் ஆண்டர்சனின் உறுதிக்குச் சான்றாகவே சொல்லப்படுகிறது. சாதிக்காரர்கள் வைத்திருந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்த அந்தப் பையன்களின் உறுதி யாருக்கும் பொருட்டாகவில்லை. அவர்கள் பெயர்களைச் சொல்லி நான் எந்தப் பிரசங்கமும் கேட்டதில்லை. 1841-இல் ஞானஸ்நானம் பெற்ற இராஜகோபால், வெங்கடராமையா, எத்திராஜுலு என்ற மூன்று சாதி இந்து இளைஞர்களின் பெயர்களோ மிஷன் நூல்களில் மறுபடி மறுபடி வருகின்றன. அவர்கள் மதம் மாறியதும் பள்ளி மறுபடியும் வெறிச்சோடியது. மூவரும் பின்னர் போதகர்கள் ஆனார்கள்.

1843-இல் ஸ்காட்லாந்தில் சபை பிளந்தபோது ஆண்டர்சனும் கூட்டாளிகளும் சுயாதீனச் சபையின் பக்கம் போனார்கள். கிர்க் பழைய சபையோடு நின்றது. அவருடைய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1862-இல் வந்த வில்லியம் மில்லர் அதைப் பெரிதாக்கினார். மில்லர் காலத்தில் உடனடி மதமாற்றம்கூட நோக்கமல்ல என்றாகிவிட்டது; மேல்சாதி இந்துக்களின் சிந்தனையைக் கிறித்தவ வழியில் பதப்படுத்தினால் போதும் என்றார்கள். பார்ப்பன மாணவர்கள் படித்தார்கள், வக்கீலானார்கள், உத்தியோகம் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தவர்கள் யார்?

இந்த இடத்தில் பந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரஸ்பிற்றேரியன் வழக்கத்தில் இராப்போஜனத்தைப் பீடத்தின் முன் மண்டியிட்டுத் தனித்தனியே வாங்குவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அப்பமும் பாத்திரமும் கைக்குக் கை மாறி வரும். பக்கத்தில் இருப்பவர் தொட்டதை நான் தொட வேண்டும். அவர் வாய் வைத்த பாத்திரத்தில் நான் வாய் வைக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இது ஒரு வழிபாட்டு முறை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இது எச்சில். தமிழ்நாட்டில் இது தீட்டு. இங்கே சாதியின் அடிமடியிலேயே கைவைக்கிற முறை இது.

மற்ற சபைகளில் என்ன நடந்தது என்று பார்த்தால் இதன் கனம் புரியும். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறித்தவர்கள் தனியே உட்கார்ந்தார்கள், பாத்திரத்தில் முதலில் வாய் வைக்கும் உரிமை தங்களுக்கே என்றார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு விட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று எழுந்து போனவர்கள் உண்டு. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு தீர்மானம் எழுதியது: சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, யாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும், அப்படிச் செய்யாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை. லீப்சிக் லுத்தரன் மிஷன் தவிர ஏறக்குறைய எல்லா மிஷன்களும் இதை ஏற்றன, ஸ்காட்லாந்துக்காரர்களும் சேர்ந்துதான். ஆக, காகிதத்தில் பந்தி ஒன்றுதான். ஆனால் பந்திக்கு முன்னே மொழி வந்துவிட்டது. ஆங்கில ஆராதனைக்கு ஒரு பந்தி, தமிழ் ஆராதனைக்கு ஒரு பந்தி என்றானபோது யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. யார் சாதியும் கேட்கப்படவில்லை. இங்கிலீஷ் வருமா என்பதுதான் கேள்வி.

இதற்கிடையே சபையை நிரப்பிய ஜனங்கள் வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். செங்கல்பட்டுக் கிராமங்களில் பறையர்கள் தாங்களாகவே மிஷனரிகளைத் தேடிப் போனார்கள். கூட்டமாகச் சேர வருகிறவர்களைக் கண்டு மிஷனரிகளே முதலில் தயங்கினார்கள், சோற்றுக்காக வருகிறார்களோ என்று. ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதை விரிவாகச் சொல்கிறது. அந்த ஜனங்கள் கேட்டது சோறு மட்டுமல்ல. மிராசுதாரன் பிடியிலிருந்து விடுதலை, குடியிருக்கும் மனைக்கு உரிமை, உழுவதற்கு நிலம். சுயாதீன ஸ்காட்லாந்து சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டில் இருந்துகொண்டு அவர்களுக்காகத் தரிசு நிலம் கேட்டு மனுப்போட்டார். மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றத்தை உருவாக்கினார். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைபற்றி அறிக்கை கொடுத்தார். 1892-இல் அரசாணை வந்தது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் வேர் இங்கேதான். இந்த வேலைக்கு மில்லரின் கல்லூரி ஆங்கிலம் உதவவில்லை. கிராமத்துத் தமிழில் சொல்லப்பட்ட முறையீடுகள்தான் இதைத் தள்ளிக்கொண்டு போயின.

நிலம் கிடைக்காதவர்கள் நகரத்துக்கு வந்தார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் ஏராளமானவர்களைச் சென்னைக்குத் துரத்தியது. பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச காலத்துக் கூலியில் வெட்டப்பட்டதுதான். துறைமுகம், ரயில், ஆலை என்று வடசென்னை வளர வளர, சேரியும் வளர்ந்தது. ஊரில் ஏற்கெனவே கிறித்தவர்களாக இருந்தவர்கள் இங்கே சபை தேடினார்கள். 1888-இல் மாட்டில்டா மக்ஃபைல் என்ற ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவர் தொடங்கிய மருத்துவப் பணிதான் இன்று ராயபுரம் பகுதியில் ரெய்னி ஆஸ்பத்திரியாக நிற்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் 'ரெய்னியில பொறந்தவங்க'.

இப்படித் திரண்ட ஜனங்களின் ஆராதனைதான் தமிழ் ஆராதனை. என் ஆயா சொல்வாள்: "இங்கிலீசு சர்வீசு முடிஞ்சி அவங்க வெளிய வர்ற வரைக்கும் நாங்க வேப்பமரத்தாண்ட நிப்போம். அவங்க வெளிய வந்தாத்தான் நாங்க உள்ள பூருவோம். யாரும் நில்லுன்னு சொல்லல. ஆனா நின்னோம்." போதகரை அவள் 'ஐயரு' என்றுதான் கூப்பிடுவாள். தமிழ்ப் புராட்டஸ்டண்டுகளிடம் இது பழைய வழக்கம். அக்கிரகாரத்துப் பக்கம் தலைகாட்ட முடியாதவர்கள் வீட்டுக்கு வருகிற போதகரை ஐயர் என்று அழைத்துப் பாய் விரித்தார்கள். அந்த ஐயர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தார். அது சின்ன விஷயமில்லை.

ஆனால் மூப்பர் தேர்தல் என்று வந்தால் கதை வேறு. சபைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு ஆங்கிலத்தில். கணக்கு ஆங்கிலத்தில். மேலிடத்துக் கடிதம் ஆங்கிலத்தில். ஆகவே மூப்பருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். எண்ணிக்கையில் நாங்கள் அதிகம், காணிக்கைப் பை எங்கள் பக்கம்தான் அதிக நேரம் சுற்றும், மூப்பர் மட்டும் காலை ஆராதனையிலிருந்து வருவார். என் அப்பா நாற்பது வருஷம் அந்தச் சபையின் நாற்காலி தூக்கினார். ஒருமுறை அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, "அவரு நல்லவருதான், ஆனா மினிட்ஸ் எழுத முடியாதே" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். சாதி என்ற சொல் அந்த அறையில் உச்சரிக்கப்படவே இல்லை.

பிரஸ்பிற்றேரியன் என்ற பெயரும் போய்விட்டது. 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை என்று அந்த ஓடை பெரிய ஆற்றில் கலந்தது. பேராயர் வந்தார், பீடம் வந்தது, மண்டியிடுவதும் வந்தது. இரண்டு நேர ஆராதனை மட்டும் அப்படியே நின்றது.

சரி, இது சபைக்குள் நடக்கும் பங்காளிச் சண்டை என்று வெளியே இருக்கிற தோழர்கள் நினைக்கக்கூடும். இல்லை. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியேதான். சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஆதிதிராவிடக் கிறித்தவரான சூசை, பட்டியல் சாதித் தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பின்பும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி 1985-இல் அவர் வழக்கைத் தள்ளினார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம், அவர் ஞானஸ்நானம் பெற்றதையும் தவறாமல் ஆலயத்துக்குப் போவதையும் எடுத்துச் சொல்லிச் சாதிச் சான்றிதழை மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை நாம் எங்கே உட்கார்ந்தோம் என்பது இப்போது நமக்கு எதிரான சாட்சியம். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் பஞ்சமி நிலம் கேட்டவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் செத்தார்கள். சட்டம் பிரித்துப் பார்க்கும் இரண்டு பெயர்களையும் தோட்டா பிரித்துப் பார்க்கவில்லை.

இங்கேதான் சபையின் இருமொழி இன்றைக்கு வேறு வேலை செய்கிறது. ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். டெல்லிக்குப் போகிற கோரிக்கை மனுவில், சபைக்குள்ளும் சாதி இருக்கிறது, தலித் கிறித்தவர்கள் இரட்டை ஒடுக்குமுறைக்கு ஆளாகிறார்கள் என்று தெளிவான ஆங்கிலத்தில் எழுதுகிறோம். அதே சபையில் ஒரு பெண் கேட்டு வந்தால், ஒரு மூப்பர் பதவி காலியானால், ஒரு கல்லறைக்கு இடம் பிரிக்க வேண்டி வந்தால், "நம்ம சபையிலே அதெல்லாம் இல்லப்பா" என்று தெளிவான தமிழில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் சாதி உண்டு, தமிழில் சாதி இல்லை. நீதிமன்றம் கேட்கும் நிரூபணம் எங்கே இருக்கிறது என்றால், இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருக்கிறது.

ஆகவே வேலை இருக்கிறது. பழைய சபைகளின் அலமாரிகளில் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, மூப்பர் பட்டியல், நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் கரையான் தின்னக் கிடக்கின்றன. மாணவத் தோழர்கள் அவற்றைப் பிரதி எடுக்க வேண்டும். யார் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், எந்த ஆண்டு எந்த ஆராதனையிலிருந்து மூப்பர் வந்தார் என்று எண்ண வேண்டும். வேப்பமரத்தடியில் நின்ற கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும், அவர்கள் பேசுகிற தமிழிலேயே. நடவடிக்கைக் குறிப்பு இனித் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று ஒவ்வொரு சபைக் கூட்டத்திலும் தீர்மானம் கொண்டுவர வேண்டும். கூட்டு ஆராதனையை மொழிபெயர்ப்போடு நிறுத்திவிடாமல், அந்தப் பழைய பந்தியையும் திரும்பக் கேட்க வேண்டும்: உட்கார்ந்த இடத்தில், கைக்குக் கை, வாய்க்கு வாய், ஒரே பாத்திரம். யார் வாங்குகிறார்கள், யார் அடுத்தவருக்குத் தராமல் எழுந்து போகிறார்கள் என்று அப்போது தெரியும். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.