லோன் லாஸ் கம்ரி: வேல்ஸ் மலைநாட்டின் மிதிவண்டித் தடம்

லோன் லாஸ் கம்ரி, ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கடக்கும் நெடுந்தொலைவு மிதிவண்டித் தடம். ஆங்கிள்சி தீவை ஒட்டிய துறைமுக நகரான ஹோலிஹெட்டில் தொடங்கித் தலைநகர் கார்டிஃபில் முடிகிறது; தெற்கே பிரியும் கிளை இங்கிலாந்து எல்லையிலுள்ள செப்ஸ்டோவைச் சென்றடைகிறது. நீளம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பிரிட்டனின் தேசிய மிதிவண்டி வலையமைப்பில் முதன்மைத் தடத்துக்கு எண் 8, செப்ஸ்டோ கிளைக்கு எண் 42. ஸ்னோடோனியா, கேம்ப்ரியன் மலைகள், பிரெக்கன் பீக்கன்ஸ் ஆகிய மூன்று மலைப்பகுதிகளை இது கடக்கிறது.

இதில் மிதிவண்டிக்கென்றே புதிதாக அமைத்த பகுதி குறைவு. மூடப்பட்ட ரயில் பாதைகளும், பண்ணைகளை இணைக்கும் குறுகிய சாலைகளும், பழைய மலைச்சாலைகளும் சேர்ந்ததே இத்தடம். ஒவ்வொரு பகுதியும் முதலில் எதற்காகப் போடப்பட்டதோ, அதைப் பொறுத்தே அதன் ஏற்றமும் அமைதியும் அமைந்திருக்கின்றன.

வரலாறு

வேல்ஸ் மலைகளில் மிதிவண்டிப் பயணம் இத்தடத்துக்கு மிக முற்பட்டது. ‘வேஃபேரர்’ என்ற புனைபெயரில் எழுதிய டபிள்யூ. எம். ராபின்சன், 1919 மார்ச்சில் பெர்வின் மலைத்தொடரைப் பனியின் நடுவே மிதிவண்டியோடு கடந்தார். அதைப் பற்றி அவர் ‘சைக்கிளிங்’ இதழில் எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. அந்தக் கணவாயில் அவருக்கு நினைவுக்கல் உள்ளது. கரடுமுரடான மலைவழிகளில் மிதிவண்டி ஓட்டுவோருக்கான ‘ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்’ சங்கம், வேல்ஸ் எல்லைக்கு அருகிலுள்ள லெமின்ஸ்டரில் 1955இல் உருவானது.

வேல்ஸின் கிராமப்புற ரயில் பாதைகள் பல 1960களில் மூடப்பட்டன. இழப்பில் ஓடிய கிளைப்பாதைகளை நிறுத்தப் பரிந்துரைத்த பீச்சிங் அறிக்கை 1963இல் வெளிவந்தது. அதற்கு முன்பே மூடப்பட்டவையும் உண்டு. தண்டவாளங்கள் அகற்றப்பட்ட பின் எஞ்சிய மண்கரைகளையும் பாலங்களையும் மிதிவண்டிக்குப் பயன்படுத்தும் முயற்சியை, 1977இல் பிரிஸ்டலில் தொடங்கிய சஸ்ட்ரான்ஸ் அறக்கட்டளை முன்னெடுத்தது. 1995இல் தேசிய லாட்டரி நிதியிலிருந்து 4.25 கோடி பவுண்டு கிடைத்தபின், நாடு தழுவிய வலையமைப்பாக அது விரிந்தது.

வடபகுதி

ஹோலிஹெட்டிலிருந்து ஆங்கிள்சியின் தாழ்ந்த மேடுபள்ளங்களைக் கடக்கும் தடம், தாமஸ் டெல்ஃபோர்டு கட்டி 1826இல் திறக்கப்பட்ட மெனாய் தொங்குபாலம் வழியாகப் பெருநிலத்தை அடைகிறது. கேர்னார்வனிலிருந்து பிரின்கிர் வரையிலான சுமார் 20 கிலோமீட்டர், ‘லோன் எய்வியன்’ எனப்படும் பழைய ரயில் தடம்.

போர்த்மாடோக் பகுதிக்குப் பின் இரு வழிகள் உண்டு. ஒன்று கோய்ட் அ பிரெனின் காட்டின் ஊடே உள்நாட்டில் செல்கிறது. மற்றொன்று கடலோரமாக ஹார்லெக், பார்மத் ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. கடலோர வழியில் வருவோர், மௌதக் ஆற்றின் முகத்துவாரத்தை 1867இல் திறக்கப்பட்ட பார்மத் மரப்பாலத்தில் கடக்கலாம். அதில் இன்றும் ரயில் ஓடுகிறது. பக்கத்திலேயே நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் பாதை உள்ளது. மறுகரையிலிருந்து டொல்கெத்லாய் வரை, 1965இல் மூடப்பட்ட ரயில் பாதை ஆற்றை ஒட்டி ஏறக்குறைய சமதளமாகச் செல்கிறது. தடம் முழுவதிலும் குழந்தைகளோடு செல்ல மிக எளிதான பகுதிகளில் இது ஒன்று.

நடுப்பகுதி

டொல்கெத்லாயிலிருந்து, ஸ்லேட் கல் வெட்டிய காரிஸ் பள்ளத்தாக்கு வழியாகத் தடம் மஹன்த்லெத் நகரை அடைகிறது. வேல்ஸ் தலைவர் ஓவைன் கிளின்டூர் 1404இல் நாடாளுமன்றம் கூட்டிய ஊர் இது. கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத இந்த ஊரிலிருந்து, லானிட்லோய்ஸ் செல்லும் மலைச்சாலை சுமார் 510 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. ஈயச் சுரங்கம் இயங்கிய டலீவே வழியில் உள்ளது. சுரங்கம் ஓய்ந்தபின் ஊரும் சுருங்கிவிட்டது. ரயில் எட்டிப் பார்க்காத இம்மேட்டில் ஏற்றம் செங்குத்தானது. சாமான் பைகளோடு வருவோர் சில இடங்களில் இறங்கித் தள்ள நேரும்.

லானிட்லோய்ஸுக்குப் பின் வை ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே ரயேடர், பில்த் வெல்ஸ், கிளாஸ்பரி என்று தடம் இறங்குகிறது. ரயேடர் அருகே ஈலன் பள்ளத்தாக்குக்கு ஒரு துணைத்தடம் பிரிகிறது. பர்மிங்காம் நகரின் குடிநீருக்காக 1893இல் தொடங்கிய அணைக்கட்டு வேலைக்குக் கல்லும் சிமெண்டும் ஏற்றிச்செல்ல அங்கே ஒரு ரயில் பாதை போடப்பட்டது. அணைகள் 1904இல் திறக்கப்பட்டன. அந்த ரயில் பாதையே இப்போது நீர்த்தேக்கங்களின் ஓரமாகச் செல்லும் மிதிவண்டித் தடம்.

தென்பகுதி

கிளாஸ்பரியில் தடம் இரண்டாகிறது. 8ஆம் எண் தடம் பிரெக்கன் வழியாக, கார்டிஃப் வரையிலான 88 கிலோமீட்டர் டாஃப் தடத்தில் சேர்கிறது. இங்கே டாலிபாண்ட் நீர்த்தேக்கத்துக்கு மேல் டோர்பான்டாய் நோக்கிய ஏற்றம், பிரெக்கன்–மெர்தர் ரயில் பாதையின் தடம். நீராவி இன்ஜின்கள் திணறிய இச்சரிவு, 38 அடி தொலைவுக்கு 1 அடி உயரம் என்ற அளவிலானது. ரயிலுக்குக் கடுமை, மிதிவண்டிக்கு மிதமான ஏற்றம். மேட்டிலுள்ள ரயில் சுரங்கம் மூடப்பட்டிருப்பதால் தடம் அதன் மேலாகச் செல்கிறது. மெர்தர் டிட்வில் அருகே 15 வளைவுகள் கொண்ட செவன் கோய்ட் மேம்பாலத்தில் முன்பு ரயில் ஓடியது. இப்போது மிதிவண்டிகள் செல்கின்றன. ரிச்சர்டு ட்ரெவிதிக்கின் நீராவி இன்ஜின் 1804 பிப்ரவரி 21 அன்று 10 டன் இரும்பை இழுத்துச் சென்ற பெனிடாரன் டிராம்பாதையும் இந்த டாஃப் பள்ளத்தாக்கில்தான் இருந்தது.

42ஆம் எண் கிளை, புத்தகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற ஹே-ஆன்-வை வழியாக 549 மீட்டர் உயரமுள்ள காஸ்பல் கணவாயைக் கடக்கிறது. வேல்ஸில் தார் போட்ட சாலைகளுள் மிக உயர்ந்தது இதுவே. கணவாய்க்கு அப்பால் லான்தோனி மடாலயத்தின் இடிபாடுகளைக் கடந்து ஆபர்கவென்னிக்கு நீண்ட இறக்கம். புதர்வேலிகளுக்கு இடையே ஒரு வண்டி மட்டும் செல்லும் அகலமே இருப்பதால், வளைவுகளில் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சட்டநிலை

பிரிட்டனின் 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம், குதிரைப் பாதைகளில் மிதிவண்டி ஓட்ட உரிமை தந்தது. நடைபாதைகளுக்கு அந்த உரிமை இல்லை. நடப்பதற்கும் மிதிவண்டிக்குமான வழிகளை வரைபடமாக்கி மேம்படுத்த வேண்டும் என்று 2013இல் வேல்ஸ் இயற்றிய சட்டம் உள்ளாட்சிகளைப் பணிக்கிறது. 2023 செப்டம்பர் 17 முதல் குடியிருப்புப் பகுதிச் சாலைகளில் பெரும்பாலானவற்றின் வேக வரம்பு மணிக்கு 20 மைலாகக் குறைக்கப்பட்டதால், தடம் ஊர்களுக்குள் நுழையும் இடங்களும் முன்பைவிடப் பாதுகாப்பாயின.

பருவமும் ஏற்பாடும்

மே முதல் செப்டம்பர் வரை உகந்த காலம். ஜூனில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். ஸ்னோடோனியா உச்சிகளில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுவதால் கோடையிலும் மழையுடை தேவை. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால், கார்டிஃபிலிருந்து வடக்கே செல்வோருக்கு அது பலமுறை துணையாகும்.

மேய்ச்சல் நிலங்களில் வேலியின்றித் திரியும் செம்மறியாடுகள் சாலையில் படுத்திருக்கும். அவை எல்லை தாண்டாதபடி சாலையில் பதித்த இரும்புக் கம்பிச் சட்டங்கள் மழையில் வழுக்கும். அவற்றை நேர்க்கோட்டில் கடக்க வேண்டும். மஹன்த்லெத்துக்கும் லானிட்லோய்ஸுக்கும் இடையே கடைகள் அரிது என்பதால் உணவும் நீரும் எடுத்துச் செல்வது நல்லது. ஹோலிஹெட், பார்மத், மஹன்த்லெத், பில்த் ரோடு, மெர்தர், ஆபர்கவென்னி ஆகிய இடங்களில் ரயில் நிலையங்கள் உள்ளன. ரயில்களில் மிதிவண்டிக்கான இடம் குறைவாதலால் முன்பதிவு நல்லது. இந்நிலையங்களைக் கொண்டு பயணத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கலாம்: பழகாதோர் ரயில் தடங்களை மட்டும் தேர்ந்து, மலைமேடுகளை ஓட்டவல்லோருக்கு விடலாம்.